ரூம்மேட் தூங்கட்டும்: மறைமலை நகரில் ஜாஸ் கிட்டார்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னிக்கு விருந்தினர் யாரும் இல்லை, நான் தனியாத்தான் பேசப்போறேன்.

முதல்ல ஒரு மன்னிப்பு. தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கின மறைமலை அடிகள் பேர்ல இருக்கிற ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு, அடுத்த பதினைஞ்சு நிமிஷத்துக்கு கிட்டார், ஃப்ரெட், பிக்கப், கார்டுன்னு பேசப்போறேன். அடிகளார் பொறுத்துக்கணும்.

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க. "ஜாஸ் கத்துக்கணும், என்ன கிட்டார் வாங்கலாம்?" நான் மேடையில வாசிக்கிற ஆள் இல்லை. ஒரகடம் பக்கம் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில குவாலிட்டி இன்ஸ்பெக்டர். மறைமலை நகர்ல நாலு பேர் சேர்ந்து எடுத்த ரூம்ல இருக்கேன். மூணு வருஷமா வாசிக்கிறேன், அதுல முதல் வருஷம் முழுக்கத் தப்பு. அந்தத் தப்பைத்தான் சொல்லப்போறேன்.

படத்தைப் பார்த்து வாங்கின கிட்டார்

கம்பெனி பஸ்ல போகும்போது, சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி லெவன்ல இருக்கிற டிராஃபிக்ல நின்னுட்டு இருந்தோம். போன்ல பாட்டு தானா மாறி வெஸ் மாண்ட்கோமரி வந்துச்சு. யாருன்னு தெரியாது. ஆனா ஒரே சுரத்தை மேல ஒண்ணு, கீழ ஒண்ணா ரெண்டு ஸ்தாயியில சேர்த்து வாசிக்கிறார். அந்த வட்டமான, இருட்டான சத்தம் அப்படியே பிடிச்சு உட்கார வெச்சிருச்சு. ரூமுக்குப் போய் அவர் படத்தைத் தேடினேன். மடியில பெரிய பெட்டி மாதிரி ஒரு கிட்டார். கிப்சன் எல்-5. சரி, ஜாஸ்னா இதுதான் வேணும்னு முடிவு பண்ணிட்டேன்.

எல்-5 வாங்க நம்ம பத்து வருஷ போனஸ் பத்தாது. அதே உருவத்துல ஒரு ஹாலோ பாடி, 38,000 ரூபாய், ஆன்லைன்ல, ஈஎம்ஐயில வாங்கினேன். கையில எடுத்துப் பார்க்கவே இல்லை.

ஹாலோ பாடின்னா உள்ளே வெறுமையா இருக்கும். வீணைக்குக் குடம் எப்படியோ அப்படி. ஆம்ப்ல போடாமலே நல்லாச் சத்தம் வரும். ஆம்ப்ல போட்டுக் கொஞ்சம் வால்யூம் ஏத்தினா, ஸ்பீக்கர் சத்தம் பெட்டிக்குள்ள போய் மறுபடி பிக்கப் வழியா வந்து ஊளையிடும். கல்யாண மண்டபத்துல மைக் கத்துமே, அதேதான். பத்துக்குப் பத்து ரூம்ல ஆம்புக்கும் எனக்கும் நடுவுல மூணு அடி. எங்க திரும்பினாலும் ஊளை.

அதனால ஆம்ப் இல்லாம, பிக் வெச்சு வாசிக்க ஆரம்பிச்சேன். பிரச்சினை அங்கதான் தொடங்கிச்சு.

அண்ணனோட தூக்கம்

எனக்கு அப்போ ரெண்டாவது ஷிஃப்ட். மதியம் போய் ராத்திரி வருவேன். காலையில ஒன்பதுல இருந்து பன்னிரண்டு வரைக்கும் பிராக்டிஸ். ரூம்ல இருந்த ஒரு அண்ணனுக்கு நைட் ஷிஃப்ட். பிரஸ் ஷாப் ஆபரேட்டர். காலையில எட்டரைக்கு வந்து குளிச்சுட்டுப் படுப்பார். ஊர்ல ரெண்டு பொண்ணுங்க, மாசாமாசம் பணம் அனுப்பணும், அதனால ஓவர்டைம் கேட்டா மறுக்கவே மாட்டார்.

அவர் சொன்னது ஒரே தடவை. "கொஞ்சம் மெதுவா தம்பி." நானும் மெதுவா வாசிக்கிறதா நினைச்சுக்கிட்டேன். ஆனா ஒரே நாலு கட்டை அறுபது தடவை திரும்பத் திரும்ப வாசிக்கிறது தூங்கறவனுக்கு எப்படி இருக்கும்னு யோசிக்கலை.

ஒரு நாள் மெஸ்ல சாப்பிடும்போது, மோர் ஊத்திக்கிட்டே சாதாரணமாச் சொன்னார். "நேத்து ராத்திரி கண்ணு சொக்கிடுச்சுடா. கை உள்ள போயிடுச்சு. லைட் கர்டன் மெஷினை நிறுத்திடுச்சு, இல்லேன்னா இந்தக் கை இருக்காது."

லைட் கர்டன்னா தெரியாதவங்களுக்கு: பிரஸ் முன்னாடி கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர் வரிசை. குறுக்கே கை வந்தா மெஷின் நின்னுடும். அந்தக் கதிர்தான் அன்னிக்கு அவரைக் காப்பாத்துச்சு.

அவர் என்னைக் குத்தம் சொல்லவே இல்லை. "நான்தான் அசந்துட்டேன்"னு சொல்லிட்டு அடுத்த வாய் சாப்பிட்டார். அதுதான் எனக்குத் தாங்கலை. தட்டுல சாதத்தை வெச்சுட்டு எழுந்துட்டேன். அன்னிக்கு கிட்டாரைப் பையில போட்டு மூடினவன், ரெண்டு மாசம் திறக்கலை.

கட்டைவிரல்

திரும்ப எடுக்க வெச்சதும் வெஸ்தான். அவரைப் பத்திப் படிச்சப்போ தெரிஞ்சது: அவரும் தொழிற்சாலைத் தொழிலாளி. அமெரிக்காவுல இண்டியானாபொலிஸ் ஊர். பகல்ல ஃபேக்டரி, ராத்திரி கிளப், அது முடிஞ்சு விடியற வரைக்கும் இன்னொரு கிளப். நோட்டேஷன் படிக்கத் தெரியாது. சார்லி கிறிஸ்டியனோட ரெக்கார்டைக் கேட்டு, அதுல இருந்த சோலோவை ஒவ்வொண்ணாக் காதால பிடிச்சார். ஊர் உலகத்துக்குத் தெரிய ஆரம்பிச்சப்போ வயசு 36. 1968-ல் 45 வயசுல இறந்துட்டார்.

அவர் பிக் பயன்படுத்தலை, கட்டைவிரல் சதையால வாசிச்சார். ஏன்? வேலை முடிஞ்சு வந்து வீட்ல வாசிச்சா அக்கம்பக்கத்துல சத்தம் தாங்கலைன்னு புகார். அதனால மெதுவா வாசிக்க ஒரு வழி தேடினார். நான் பஸ்ல கேட்டு மயங்கின அந்த வட்டமான சத்தமே, பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தொந்தரவு ஆகக்கூடாதுன்னு வந்த சத்தம்.

அதே வாரம் ஹாலோ பாடியை 24,000-க்கு வித்தேன். 14,000 நஷ்டம். 11,000-க்கு ஒரு பழைய சாலிட் பாடி வாங்கினேன். முழு மரக்கட்டை. ஆம்ப்ல போடாம கட்டைவிரலால வாசிச்சா அடுத்த கட்டில்ல இருக்கறவருக்குக் கேட்காது. எனக்குக் கேட்கணும்னா ஹெட்போன்.

"சாலிட் பாடியில ஜாஸா?"ன்னு கேக்காதீங்க. கனடாவுல எட் பிக்கர்ட்னு ஒரு மேதை, பல வருஷம் டெலிகாஸ்டர்ல ஜாஸ் வாசிச்சார். கழுத்துப் பக்கம் இருக்கிற பிக்கப்பைத் தேர்ந்தெடுங்க, டோன் குமிழைப் பாதிக்குக் கீழ இறக்குங்க, ஃப்ளாட்வௌண்ட் ஸ்ட்ரிங் போடுங்க. அதுல மேல சுத்தியிருக்கிற கம்பி தட்டையா இருக்கும், அதனால விரல் நகரும்போது கீச்சு சத்தம் வராது. முக்கால்வாசி வேலை முடிஞ்சுடும்.

வாங்கும்போது என்ன பார்க்கணும்

இது என் தொழில். பழைய கிட்டார் வாங்கப் போனப்போ ஒரு ஸ்டீல் ஸ்கேல், ஒரு ஃபீலர் கேஜ், போன்ல ட்யூனர் ஆப். (கேஜ் சொந்தமா வாங்கினது. கம்பெனி டூலைத் தொடாதீங்க.)

ஒண்ணு, கழுத்து. தடிமனான ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்லயும், கழுத்து உடம்போட சேர்ற இடத்து ஃப்ரெட்லயும் ஒரே நேரத்துல அமுக்குங்க. நடுவுல, ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம், ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல 0.2-ல இருந்து 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தா நல்லது. அதிகமா இருந்தா கழுத்து முன்பக்கம் வளைஞ்சிருக்கு. நம்ம ஊர் ஈரக்காத்துல இது சகஜம். உள்ளே இருக்கிற ட்ரஸ் ராடைக் கால் சுத்து திருப்பினா பெரும்பாலும் சரியாகும். ராடே திரும்பலைன்னா வாங்காதீங்க.

ரெண்டு, உயரம். பன்னிரண்டாவது ஃப்ரெட்ல தடிமனான ஸ்ட்ரிங் சுமார் 2 மில்லிமீட்டர், மெல்லியது 1.5. அதுக்கு மேல போனா விரல் வலிக்கும், நீங்க உங்களையே திட்டிக்குவீங்க.

மூணு, சுருதி. பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல லேசாத் தொட்டு ஒரு ஹார்மோனிக், அப்புறம் அங்கேயே அமுக்கி ஒரு சுரம். ட்யூனர்ல ரெண்டும் ஒண்ணாக் காட்டணும்.

நாலாவது அளவுக்கு கேஜ் கிடையாது. கடையில மடியில வெச்சு அரை மணி நேரம் உட்காருங்க. மறைமலை நகர்ல மின்சார ரயில் ஏறினா எழும்பூர், அங்கிருந்து அண்ணா சாலை. 1842-ல தொடங்கின மியூசி மியூசிக்கல் அங்கதான் இருக்கு. வாங்கறது அப்புறம், முதல்ல தொட்டுப் பாருங்க. நான் செய்யாம விட்டது அதைத்தான்.

முதல்ல மூணு கார்டு

கச்சேரியில பாடகர் ஒரு ராகத்தை எடுத்துக்கிட்டு கல்பனாஸ்வரம் பாடுவார். ராகம் தரை மாதிரி நிலையா இருக்கும். ஜாஸ்ல தரையே நகரும். கார்டு மாற மாற அதுக்கேத்த மாதிரி கால் வைக்கணும். அதனால ஸ்கேலை வேகமா ஓட்டறதுக்கு முன்னாடி, தரை எப்படி நகருதுன்னு காது பழகணும்.

டி மைனர் செவன்: அஞ்சாவது ஸ்ட்ரிங் 5-வது ஃப்ரெட், நாலாவது ஸ்ட்ரிங் 3, மூணாவது ஸ்ட்ரிங் 5.
ஜி செவன்: ஆறாவது ஸ்ட்ரிங் 3, நாலாவது 3, மூணாவது 4.
சி மேஜர் செவன்: அஞ்சாவது ஸ்ட்ரிங் 3, நாலாவது 2, மூணாவது 4.

மத்த ஸ்ட்ரிங் எதுவும் ஒலிக்க வேண்டாம். இப்போ கவனிங்க. முதல் கார்டுல இருந்து ரெண்டாவதுக்குப் போகும்போது, மேல இருக்கிற ரெண்டு சுரத்துல ஒண்ணு மட்டும் ஒரு ஃப்ரெட் இறங்குது. அடுத்த மாற்றத்துல இன்னொண்ணு இறங்குது. கீழ அடிச்சுரம் மட்டும் தாவுது. எத்தனையோ ஜாஸ் பாட்டுகள் இந்த நகர்வு மேலதான் நிக்குது. ஒரு மாசம் இது மட்டும் போதும்.

அப்புறம் கேளுங்க. இந்தியாவுலயும் கேட்டே கத்துக்கிட்டவங்க உண்டு. பெங்களூர்ல பிறந்து கொல்கத்தாவுல வாழ்ந்து, 2016-ல மறைஞ்ச கார்ல்டன் கிட்டோ, ரெக்கார்டுகளைக் கேட்டுக் கேட்டே பீபாப் பிடிச்சவர். அவரைத் தேடிப் போற ஒரு ஆவணப்படமே இருக்கு, "ஃபைண்டிங் கார்ல்டன்".

கடைசியா அண்ணன் விஷயம். கிட்டார் மாத்தினதை அவர்கிட்ட நான் சொல்லலை. ஒரு வாரம் கழிச்சு அவரே கேட்டார். "என்ன தம்பி, வாசிக்கிறதை விட்டுட்டியா?" "இல்லண்ணா, தினமும் காலையில வாசிக்கிறேன், நீங்க தூங்கறப்போ"ன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம், "ஞாயித்துக்கிழமை நான் முழிச்சிருக்கும்போது வாசி. கேக்கணும்ல"ன்னார்.

வாசிச்சேன். அந்த மூணு கார்டுதான். பாதியிலேயே தூங்கிட்டார். நான் நிறுத்தலை.

கிட்டார் வாங்கப் போறீங்கன்னா, விலையைப் பாருங்க, கழுத்தைப் பாருங்க. அதுக்கு முன்னாடி, ரூம்ல யார் எப்போ தூங்கறாங்கன்னு பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.