சுனிதி சாலமன்: ஆய்வுக்கூடத்திலிருந்து பேறுகால வார்டு வரை

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில் ஆறு பெண்களின் இரத்தத்தில். சென்னை மருத்துவக் கல்லூரி நுண்ணுயிரியல் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், முதுநிலை மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலா செய்த ஆய்வு அது.

ஆய்வுக்குப் பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் இரத்தம் தேவைப்பட்டது; அவர்களை எங்கே போய்ப் பார்ப்பது என்பதே நிர்மலாவுக்குத் தெரியவில்லை. அரசுப் பொது மருத்துவமனைக்கு வந்த சிலரின் சீட்டில் ‘வி ஹோம்’ என்று எழுதியிருந்தது. கைதான பெண்களைத் தங்கவைத்திருந்த விஜிலென்ஸ் ஹோம் அது. தினமும் வேலைக்குப் போகும் முன் அங்கே சென்று இரத்தம் எடுத்தார். கையுறைகூட இல்லை. பிரித்தெடுத்த சீரம், அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது. 1986 பிப்ரவரியில் அதை எடுத்துக்கொண்டு இரவு ரயிலில் காட்பாடி போய், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் எலைசா சோதனை செய்தார். தட்டில் ஆறு குழிகள் மஞ்சளாயின; தொற்று இருப்பதன் அடையாளம் அது. மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி.ஹண்டே சட்டமன்றத்தில் முடிவை அறிவித்தார்.

எதற்காக இரத்தம் எடுக்கப்பட்டது என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே நினைத்திருந்தார்கள். கண்டுபிடிப்பைப் போற்றுகிறவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சுனிதி சென்னையில் தோல் வணிகம் செய்த மராத்தியக் குடும்பத்தில் பிறந்தவர். வெளிநாடுகளில் நோய்க்குறியியல் பயின்று, 1973-இல் திரும்பி நுண்ணுயிரியலில் முனைவர் பட்டம் பெற்றார். ஆறு முடிவுகளுக்குப் பிறகு அவருடைய கவனம் கிருமியோடு நிற்காமல், அதைச் சுமந்த மனிதர்கள் பக்கமும் திரும்பியது. விரும்பி வருவோருக்குச் சோதனையும் ஆலோசனையும் ஒருசேரக் கிடைக்கும் மையத்தைக் கல்லூரியிலேயே அமைத்தார். 1993-இல் தந்தை பெயரால் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கு தொற்றோடு வந்த பெண்களில் பெரும்பாலோர் கணவரைத் தவிர வேறொருவரை அறியாத இல்லத்தரசிகள். தொற்று ‘ஒழுக்கம் தவறியவர்களுக்கு’ வருவது என்ற பேச்சு அங்கே அடிபட்டுப்போனது. 2015 ஜூலை 28-இல் அவர் மறைந்தார். 2017-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

அன்று ஆறு பெண்களிடம் சொல்லாமல் செய்த சோதனை, இன்று சம்மதத்தோடு பேறுகாலக் கவனிப்பின் ஒரு பகுதி. கம்பம் பள்ளத்தாக்கில் கருவுற்ற பெண் ஒருவர் பெரியகுளம் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு வந்தால், மற்ற இரத்தச் சோதனைகளோடு எச்.ஐ.வி. சோதனையும் உண்டு. அதைச் செய்யும் பிரிவுக்குத் தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம் என்று பெயர். இரத்தம் எடுக்கும் முன் ஆலோசகர் விவரம் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். முடிவை இரகசியமாகக் காக்க வேண்டும்.

தொற்றுள்ள தாய்க்குச் சிகிச்சை இல்லாவிட்டால் கர்ப்பம், பிரசவம், தாய்ப்பால் வழியே குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். தாய் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டால் அது 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். பிறந்த குழந்தைக்கு ஆறு வாரமாவது நெவிரபின் சொட்டு மருந்து உண்டு. தாயின் எதிர்ப்புப் புரதங்கள் குழந்தையின் இரத்தத்தில் பல மாதம் தங்கியிருக்கும் என்பதால், அந்த வயதில் எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் சோதனை தாயின் நிலையைத்தான் காட்டும். அதனால் ஆறாம் வாரத்தில் குதிகாலில் குத்தி, அட்டையில் உலரவைத்த இரத்தத் துளியில் கிருமியின் மரபுப்பொருளையே தேடுகிறார்கள். குழந்தைக்குத் தொற்று இல்லை என்ற இறுதி முடிவு 18-ஆம் மாதத்தில் தாயிடம் சொல்லப்படும்.