சிகரெட் யார் கையில்?



2007 ஆகஸ்டு 21 அன்று மக்கள் ஓசை நாளிதழின் முதல் பக்கத்தில் ஒரு படம் வெளிவந்தது. இயேசுநாதரின் ஒரு கையில் சிகரெட். மறு கையில் பீர் டின் போன்ற ஒன்று. தவறுக்கு வருந்துவோருக்குச் சொர்க்கம் உண்டு என்ற பொருளில் ஒரு வாசகமும் உடன் இருந்தது. கிறிஸ்துவர்கள் மனம் புண்பட்டனர். நாளிதழ் மன்னிப்புக் கேட்டது. ஆயினும், அரசாங்கம் அதன் வெளியீட்டை ஒரு மாதம் நிறுத்தி வைத்தது.

வாசகம் நல்லதுதானே, படம் மட்டும் ஏன் புண்படுத்தியது? இதற்கு விடை நம் பேராக் தோட்டப்புறங்களிலேயே இருக்கிறது. ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்த பிறகும், முனியாண்டிக்குச் சுருட்டு வைத்துப் படைப்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். சிலர் மதுவும் வைப்பார்கள். இரவெல்லாம் எல்லையைக் காக்கும் சாமிக்கு அது மரியாதை. அதே தோட்டத்தில்தான் கள்ளுக்கடையும் இருந்தது. சம்பளம் அங்கே கரைந்து, பிள்ளைகள் பசியோடு படுத்த கதை நம் பெரியவர்களுக்குத் தெரியும். ஆக, ஒரே மது கோயிலில் படையலாகிறது, வீட்டில் கேடாகிறது. அது யார் முன்னால், யார் கையில் இருக்கிறது என்பதே அதன் பொருளை முடிவு செய்கிறது.

இயேசுநாதர் பாவிகளோடு அமர்ந்து உண்டவர். அதற்காகவே அவரைக் குடிகாரர் என்று சிலர் பழித்ததாக விவிலியம் கூறுகிறது. இந்தப் படம் அந்தப் பழியையே மீண்டும் வரைந்துவிட்டது. மன்னிக்கிறவர் கையில் பாவியின் அடையாளத்தைக் கொடுத்தால், திருந்த வேண்டியவர் யார் என்பதே மாறிப்போகிறது. திருந்தி வரும் மனிதனின் கையிலிருந்து சிகரெட் நழுவி விழுவதுபோல் வரைந்திருந்தால், வாசகத்துக்கும் படத்துக்கும் சண்டை வந்திருக்காது.

கேலிச்சித்திரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேராக் மண்ணில் பிறந்த லாட், எல்லா இனத்தாரையும் வரைந்து சிரிக்க வைத்தவர். அந்தச் சிரிப்பில் நாம் நம்மையே பார்த்தோம். தடையால் ஒரு பத்திரிகையை நிறுத்தலாம். படத்தை வாசிக்கக் கற்றுத்தர முடியாது. அந்த வேலையை நாம்தான் வீட்டிலும் பள்ளியிலும் செய்ய வேண்டும்.

ஈப்போ சிலிபினில் லூர்து மாதா தேவாலயம் இருக்கிறது. தமிழில் வேண்டிக்கொண்டு அங்கே மண்டியிடுகிறவர்களும் நம் தோட்டத்து மக்கள்தாம். அடுத்தமுறை ஒரு சாமி படத்தை அச்சுக்கு அனுப்பும்போது, அவர்களில் ஒருவரிடம் முதலில் காட்டிக் கேட்போமே.