வண்டி எப்போ சூடாகுது? முதல்ல அதைக் கவனிங்க

அக்னி நட்சத்திரம் ஓடிட்டிருக்கு. அதனால இன்னைக்கு கோடிங் வேண்டாம், கார் பானெட்டுக்குள்ள இருக்கிற சூட்டைப் பத்திப் பேசலாம். காரணம், வேலூர்ல இருந்து ஒரு அண்ணன் அனுப்பின வாய்ஸ் மெசேஜ். சொந்தமா ஒரு கார் வாங்கி டாக்ஸி ஓட்டுறார், லோன் இன்னும் முடியலை.

"தம்பி, சிக்னல்ல ரெண்டு நிமிஷம் நின்னா டெம்பரேச்சர் முள்ளு ஏறுது. ஹைவேல போனா தானா இறங்கிடுது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டார். அப்பவும் சரியாகலை. இப்போ ரேடியேட்டரையே மாத்தணும்ங்கிறார். மாத்தலாமா?"

அவர் கேள்வியிலயே பாதி பதில் இருக்கு. அது எங்கேன்னு தெரியணும்னா, சூடு எப்படி வெளியே போகுதுன்னு முதல்ல தெரியணும்.

பெட்ரோல் எரிஞ்சு வர்ற சக்தியில தோராயமா மூணுல ஒரு பங்குதான் வண்டியை ஓட்ட உதவுது. இன்னொரு பங்கு புகையோட சைலன்சர் வழியா போயிடும். மிச்ச சூட்டைப் பெரும்பாலும் கூலன்ட்தான் சுமந்துட்டு வந்து ரேடியேட்டர்ல இறக்குது. அங்கிருந்து அதைக் காத்து எடுத்துட்டுப் போகணும். ஆக, இதுல ரெண்டு வேலை இருக்கு. ஒண்ணு கூலன்ட் சுத்துறது. இன்னொண்ணு காத்து வீசுறது.

காத்து முன்பக்க க்ரில் வழியா உள்ள வரும். முதல்ல ஏ.சி. கண்டென்சர், அதுக்குப் பின்னாடி ரேடியேட்டர், அப்புறம் இன்ஜின். கடைசியா வண்டிக்கு அடியில வெளியேறும். வெளியே 42 டிகிரி வெயில்னா, ஏ.சி. ஓடும்போது ரேடியேட்டருக்கு வர்ற காத்து அதைவிடச் சூடாதான் இருக்கும். வண்டி வேகமா போகும்போது காத்து தானா புகுந்துடும். நிக்கும்போது ஃபேன் இழுத்தாதான் உண்டு.

இப்போ அந்த முள்ளு எப்போ ஏறுதுன்னு கவனிங்க.

நிக்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினா, சந்தேகம் முதல்ல ஃபேன் மேல. மோட்டார், ஃபியூஸ், ரிலே, வயரிங், இதுல ஏதோ ஒண்ணு.

ஹைவேலயோ மலை ஏறும்போதோ, உதாரணமா ஏற்காடு கொண்டை ஊசி வளைவுகள்ல ஏறினா, கூலன்ட் பக்கம் பாருங்க. அளவு குறைஞ்சிருக்கலாம், ரேடியேட்டர் உள்ள அடைச்சிருக்கலாம், வாட்டர் பம்ப் தளர்ந்திருக்கலாம். ரேடியேட்டர் முன்னாடி பூச்சியும் தூசியும் அப்பியிருந்தாலும் இப்படி ஆகும்.

முள்ளு ஏறி இறங்கி ஆடுது, கூலன்ட் அடிக்கடி குறையுது, ஆனா வெளியே கசிவு தெரியலைன்னா, ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு இருக்கு. அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டாதீங்க.

அண்ணனுக்கு நான் சொன்னது ஒண்ணுதான். ஆஃப் பண்ணின வண்டியிலயும் ஃபேன் திடீர்னு சுத்தும், அதனால கையைத் தள்ளி வச்சுக்கிட்டு, இன்ஜினையும் ஏ.சி.யையும் போட்டுட்டு ஃபேன் ஓடுதான்னு பாருங்க. ஓடலை. எலக்ட்ரீஷியன்கிட்ட காட்டினார். அவர் காரோட ஃபேனுக்கு ரெண்டு வேகம். மெதுவான வேகத்துக்கான ரெசிஸ்டர் எரிஞ்சிருந்தது. அதனால சூடு ரொம்ப ஏறின பிறகுதான் வேகமான ஃபேன் ஓடியிருக்கு. ரெசிஸ்டரை மாத்தினதும் பிரச்சினை போச்சு. பழைய ரேடியேட்டரே ஓடிட்டிருக்கு.

தெர்மோஸ்டாட்டையும் திரும்பப் போடச் சொன்னேன். அது கூலன்ட் சுமார் 82 முதல் 90 டிகிரி வந்ததும் ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடுற வால்வு. கழட்டிட்டா இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும். இன்ஜின் இன்னும் குளிராவே இருக்குன்னு நினைச்சு கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் விடும், மைலேஜ் குறையும். ஃபேன் ஓடாத பிரச்சினை அப்படியே இருக்கும். டெஸ்ட் ஃபெயில் ஆகுதுன்னு டெஸ்ட்டையே அழிக்கிற மாதிரிதான் இது.

அடுத்து, வீட்டிலயே நீங்க செய்யக்கூடியது.

கூலன்ட்டுக்குப் பதிலா போர் தண்ணி ஊத்தாதீங்க. உப்புப் படிஞ்சு ரேடியேட்டர் குழாய் அடைக்கும். மேனுவல்ல சொன்ன கூலன்ட், கலக்க டிஸ்டில்டு வாட்டர், அவ்வளவுதான். பாதிக்குப் பாதி கலந்தா கொதிநிலை 106 டிகிரிக்கு மேல போகும். ரேடியேட்டர் மூடி கொடுக்கிற சுமார் 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்துல அது இன்னும் 20 டிகிரிக்கு மேல உயரும். அதனாலதான் தேஞ்ச மூடியும் ஓவர்ஹீட்டுக்குக் காரணமாகுது.

க்ரில்லை மறைக்கிற கூடுதல் லைட், வலை, பெரிய நம்பர் பிளேட் எதுவும் வேண்டாம். வண்டி ஆறின பிறகு, ரேடியேட்டர் முகப்பைப் பைப் தண்ணியில மெதுவா கழுவுங்க. பிரஷர் வாஷ் அடிச்சா மெல்லிசான தகடுகள் மடங்கிடும். இன்ஜினுக்கு அடியில இருக்கிற பிளாஸ்டிக் தட்டு கழண்டு விழுந்தா திரும்ப மாட்டுங்க. சேறு படாம இருக்க மட்டும் இல்லை, காத்தை வழிநடத்தவும் அது தேவை. முடிஞ்சவரை நிழல்ல நிறுத்துங்க. லெட் ஆசிட் பேட்டரியோட சூடு 10 டிகிரி கூடினா, அதோட ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்னு ஒரு கணக்கு உண்டு.

நம்ம ஆட்களுக்கு ஒரு கூடுதல் தகவல். பல கார்கள்ல முள்ளு நடுவுலயே நின்னு பொய் சொல்லும், சில கார்கள்ல முள்ளே கிடையாது. ஓ.பி.டி. ப்ளூடூத் கருவி ஒண்ணு மாட்டினா உண்மையான எண் கிடைக்கும். 01 05 ன்னு கேட்டா ஒரு பைட் வரும். அதுல 40 கழிச்சா கூலன்ட் வெப்பநிலை. 130 வந்தா 90 டிகிரி. நல்ல நாள்ல உங்க வண்டி எவ்வளவு காட்டுதுன்னு குறிச்சு வச்சுக்குங்க, கெட்ட நாள் சீக்கிரமே தெரிஞ்சுடும்.

எல்லாம் மீறி வண்டி சூடாகிடுச்சுன்னா? ஏ.சி.யை நிறுத்துங்க. ஹீட்டரை முழுசா வைங்க, அது ரெண்டாவது குட்டி ரேடியேட்டர் மாதிரி வேலை செய்யும். வியர்த்தாலும் பரவாயில்லை. ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்க. சிவப்பு விளக்கோட 'இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே'ன்னு போனா அலுமினிய ஹெட் வளைஞ்சுடும். சூடான இன்ஜின் மேல பச்சைத் தண்ணி ஊத்தினா விரிசல் விடலாம்.

கடைசியா, முக்கியமா ஒண்ணு. மூடியைத் திறக்காதீங்க. உள்ள இருக்கிறது 100 டிகிரிக்கு மேல இருந்தும் அழுத்தத்தால கொதிக்காம அடங்கி இருக்கிற திரவம். திருகின அந்த நொடியே நீராவியா மாறி முகத்துல அடிக்கும். குறைஞ்சது அரை மணி நேரம், மேல் ஹோஸைத் தொட்டா கை சுடாத அளவுக்குக் காத்திருங்க. ட்ரிப் லேட்டானா கஸ்டமர் திட்டுவார், அதை வாங்கிக்கலாம். கண்ணு போனா திரும்ப வராது.

உங்க வண்டி எப்போ சூடாகுதுன்னு நேரத்தையும் இடத்தையும் சேர்த்து எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.