மஷூராவில் நிறுத்துப் பார்ப்போம்

(ஆண்டுப் பொதுக்குழுவில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரை)

 

சென்ற ஆண்டு கபரஸ்தான் சுற்றுச்சுவரா, மதரஸா வகுப்பறையா, மருத்துவ உதவி நிதியா என்று மஷூரா செய்தோம். உரத்த குரலே முடிவாயிற்று. மதரஸாவுக்காகக் குரல் உயர்த்தியவர்களில் அடியேனும் ஒருவன். வகுப்பறை எழுந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இரண்டே மாதத்தில் ஒரு சகோதரர் சிகிச்சைக்கு உதவி கேட்டு வந்தபோது, பொது நிதியில் ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த முகம் இன்றும் என் கண்முன் நிற்கிறது.

இராக்கின் மோசூல் நகரில் 1926-இல் பிறந்த தாமஸ் சாட்டி என்ற கணித அறிஞர், 1970-களில் அமெரிக்காவில் ஒரு முறையை வகுத்தார். பலவற்றை ஒருசேர எடைபோட மனம் தடுமாறும். இரண்டிரண்டாக ஒப்பிட்டால் தெளிவு பிறக்கும் என்பதே அதன் அடிப்படை. சமம் என்றால் 1, மிக மிக மேலானது என்றால் 9.

முதலில் அளவுகோல்களை ஒப்பிட வேண்டும். பயனடைவோர் தொகையைவிட அவசரம் 2 மடங்கு முக்கியம். செலவுச் சிக்கனத்தைவிடப் பயனடைவோர் தொகை 3 மடங்கு முக்கியம் எனக் கொள்வோம். அப்படியாயின் சிக்கனத்தைவிட அவசரம் 6 மடங்காக வேண்டும். மூன்றின் எடையும் முறையே 60, 30, 10 விழுக்காடு. அவசரமும் சிக்கனமும் சமமே என்று ஒருவர் சொன்னால், அவர் பேச்சில் முரண் இருப்பது உடனே புலப்படும். பின்னர் ஒவ்வோர் அளவுகோலின் கீழும் பணிகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு, கிடைக்கும் மதிப்பை அதன் எடையால் பெருக்கிக் கூட்ட வேண்டும். மூன்று பணிகளுக்கு மூன்று ஒப்பீடுகள், ஐந்துக்குப் பத்து.

ஒன்றை மறவாதீர்கள். எல்லாமே தராசில் ஏறுவதில்லை. ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினர் வரையறுக்கப்பட்டுவிட்டனர். அந்நிதியைச் சுவருக்கும் கட்டடத்திற்கும் ஒப்பிட இடமில்லை. நம் அருகிலுள்ள உத்திரமேரூரின் கி.பி. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டும் தகுதியை முன்வைக்கிறது: வயது 35 முதல் 70, கணக்குக் காட்டாதவர் விலக்கு. அதன் பிறகே குடவோலை. வரம்பு முதலில், தெரிவு பின்னர்.

எண்கள் நம் மனத்தையே காட்டும். மனம் சாய்ந்தால் விடையும் சாயும். எனினும், காரணத்தைத் தாளில் எழுதியபின் உரத்த குரலுக்குத் தனி எடையில்லை. பின்வரிசையில் மௌனமாக அமர்ந்திருப்பவரின் கருத்தும் கணக்கில் ஏறும். பொது நிதி அமானிதம். இவ்வாண்டு கை உயர்த்துமுன் இரண்டிரண்டாக நிறுத்துப் பார்ப்போம். வல்ல அல்லாஹ் நமக்கு நீதமான முடிவைத் தந்தருள்வானாக! ஆமீன்.