ஏட்டில் பிறந்த மொழி



மக்கள் நாவில் வளர்ந்த மொழிக்குப் பிறந்தநாள் இல்லை. கணிப்பொறிக்கென ஆக்கப்படும் மொழியோ ஒருவரோ சிலரோ எண்ணிச் செய்வது. அதுவும் ஆக்கியோன் கையை விட்டு வழக்கின் கைக்குச் சென்றுவிடும் என்பதற்கு லிஸ்ப் என்னும் மொழி சான்றாகும்.

1958-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜான் மெக்கார்த்தி அதனைத் தொடங்கினார். எண்களை மட்டுமன்றிக் குறியீடுகளையும் கையாளும் மொழியை அவர் நாடினார். அதன் அடிப்படை மிகச் சிறியது. பிரிக்க இயலாத தனிச்சொல், அடைப்புக்குறிக்குள் கோத்த பட்டியல் என இரண்டே பொருள்கள். தனிச்சொல்லா எனக் கேட்டல், இரண்டும் ஒன்றா என ஒப்பிடல், பட்டியலின் தலையை எடுத்தல், எஞ்சியதை எடுத்தல், இரண்டையும் இணைத்தல் என ஐந்தே அடிப்படைச் செயல்கள். நிபந்தனையும், ஒரு செயல் தன்னையே மீண்டும் அழைக்கும் முறையும் இவற்றோடு சேர்ந்தன.

(கூட்டு 2 (பெருக்கு 3 4)) என்பதை அத்தகைய தொடராகக் கொள்வோம். தமிழில் வினை இறுதியில் நின்று தொடரை முடிக்கும். இங்கே முதலில் நின்று தொடங்கும். உள்ளடைப்பு 12 ஆகும்; பின்னர் முழுத்தொடர் 14 ஆகும்.

எத்தொடருக்கும் இவ்வாறு பொருள்காணும் விதியை அம்மொழியிலேயே மெக்கார்த்தி எழுதினார். தமிழின் இலக்கணத்தைத் தொல்காப்பியம் தமிழ் நூற்பாக்களால் உரைப்பது போன்றது அது. 1960 ஏப்ரலில் அக்கட்டுரை வெளிவந்தது.

அவ்விதி அவரளவில் ஏட்டில் நிற்கும் கொள்கையே. உடன் பணியாற்றிய ஸ்டீவ் ரசல், அதனை ஐ.பி.எம். 704 பொறியின் கட்டளைகளாக எழுதினால் மொழியே இயங்கும் என்று கண்டார். கொள்கையையும் செயலையும் அவர் குழப்புவதாக மெக்கார்த்தி கருதினார். ரசல் எழுதி முடித்தார், மொழி இயங்கிற்று.

மற்றொன்றும் நிகழ்ந்தது. அடைப்புக்குறி வடிவம் தரவுக்கென ஏற்பட்டது. நிரல் எழுதுவதற்குக் கணிதக் குறியீட்டை ஒத்த வேறொரு வடிவை மெக்கார்த்தி எண்ணியிருந்தார். ஆயின் ரசல் இயக்கியது அடைப்புக்குறி வடிவையே. நிரல் எழுதியோர் அதிலேயே பழகினர், மற்றது நிறைவேறவில்லை. நிரலும் தரவும் ஒரே வடிவாயின. எனவே நிரலை ஆக்கும் நிரலும் எளிதாயிற்று. ஆக்கியோன் இடைக்கால ஏற்பாடு என நினைத்ததே மொழியின் தனிச்சிறப்பாயிற்று.

தலையை எடுக்கும் செயலுக்குக் 'கார்' என்றும், எஞ்சியதை எடுப்பதற்குக் 'குட்டர்' என்றும் பெயர். 704 பொறியின் நினைவகச் சொல்லில் இருந்த இரு பகுதிகளின் உள்ளடக்கத்தைக் குறித்த பெயர்ச்சுருக்கங்கள் அவை. அப்பொறி வழக்கொழிந்தது, மெக்கார்த்தியும் 2011-இல் மறைந்தார். 1975-இல் தோன்றிய ஸ்கீம் முதலிய வழித்தோன்றல்களில் அப்பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. பொருள் மறந்த சொல்லையும் நா மறப்பதில்லை.

புதுமொழி ஆக்கப் பயில்வோர் பலர் இன்றும் இச்சிறு இலக்கணத்திலிருந்தே தொடங்குகின்றனர். ஆக்குதல் அவர்கள் கையில் உள்ளது. வாழவைத்தல் வழக்கின் கையில் உள்ளது.