குதிரைக்குப் பேர் இருக்கு

(சேத்தியாத்தோப்பில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



தேசிங்குராஜன் கதையைக் கேட்காதவங்க இங்கே இருக்க மாட்டீங்க. நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்க பக்கத்தில் விடியவிடிய கூத்து நடக்கும். ஊர்க்காரர்கள் முன்னால் உட்காருவார்கள். சேரிக்காரர்கள் நாங்கள் வாய்க்கால் கரையில், தனியாக. ஆனால் தேசிங்கு செத்து விழும்போது ரெண்டு பக்கமும் அழும். மாட்டுக்குப் புல் அறுத்தே முதுகு வளைந்த என் தாத்தாவும் அழுவார்.

யார் இந்தத் தேசிங்கு? உண்மைப் பேர் தேஜ்சிங். புந்தேல ராஜபுத்திரன். எட்டு வருட முற்றுகைக்குப் பிறகு 1698இல் முகலாயர் செஞ்சியைப் பிடித்தார்கள். பின்னால் அந்தக் கோட்டைக்கு அதிகாரியான சொரூப்சிங்கின் மகன் இவன். 1714இல் அப்பன் இறந்ததும் கோட்டைக்கு வந்தான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகான் கப்பப் பாக்கியைக் கேட்டான். இவன் மறுத்தான். எட்டு வருடம் தாங்கிய கோட்டையை விட்டு வெளியே வந்து, சில நூறு குதிரைவீரர்களோடு பெரும்படை மேல் பாய்ந்தான். 1714 அக்டோபரில் செத்தான். சிங்கவரம் ரங்கநாதரே போகாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பார்கள். கேட்கவில்லை. ஆண்டது ஒரு வருடம்கூட இல்லை. பாட்டோ முந்நூறு வருடமாக ஓடுது. 1960இல் எம்.ஜி.ஆர். படமாகவும் வந்தது.

அமெரிக்காவில் கஸ்டர் என்றொரு குதிரைப்படைத் தளபதி. 1876 ஜூன் 25இல் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் லகோட்டா, செய்யேன் மக்களின் குடியிருப்பைத் தாக்கப் போய், கூட வந்த இருநூற்றுச் சொச்சம் பேரோடு செத்தான். மனைவி எலிசபெத் புத்தகம் புத்தகமாக எழுதி அவனை வீரனாக்கினாள். ஒரு பீர் கம்பெனி அவன் கடைசிச் சண்டையைப் படமாக அச்சடித்துச் சாராயக் கடைகளில் மாட்டியது. 1868 நவம்பரில், வாஷிட்டா ஆற்றங்கரையில், விடியற்காலையில் செய்யேன் குடியிருப்புக்குள் புகுந்து பெண்கள் குழந்தைகளையும் கொன்ற படைக்குத் தலைவன் இதே கஸ்டர்தான். அது படத்தில் இல்லை.

ரெண்டு பேரையும் ஒரே தராசில் நான் வைக்கவில்லை. பாட்டு வேலை செய்கிற விதம் ஒன்றாக இருக்கிறது, அதைச் சொல்கிறேன். கஸ்டர் படையில் பிழைத்த கமாஞ்சி என்கிற குதிரையைப் பாடம் பண்ணிக் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் வைத்திருக்கிறார்கள். நம்ம கதையில் குதிரைக்கு நீலவேணி என்று பேர். தேசிங்கோடு எரிந்த மனைவி நினைவாக ராணிப்பேட்டை என்று ஊரே இருக்கு. கல்யாணப் பந்தலை விட்டு ஓடிவந்து நண்பனுக்காகச் செத்த மோவுத்துக்காரனுக்கும் இடம் இருக்கு. இந்துவும் முசுலிமும் ஒண்ணாகச் செத்ததைச் சனங்கள் மறக்காமல் பாடியிருக்காங்க. அதை நாம் விட்டுவிடக் கூடாது.

ஆனால் ஒருநாள் கூத்து முடிந்து திரும்பும்போது தாத்தாவைக் கேட்டேன்: "நீலவேணிக்குப் புல்லு அறுத்தவன் பேரு என்னா தாத்தா?"

கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். அப்புறம் சொன்னார்: "அவன் பேரு பாட்டுல வராதுடா."

நவாப் கேட்ட கப்பம் எங்கிருந்து வந்தது? நெல்லிலிருந்து. நெல் யார் நடவு? அந்தப் பாக்கிக்குத்தான் ரெண்டு குதிரைப்படை மோதியது. நட்டவன் கதையில் இல்லை.

கஸ்டர் செத்த இடத்துக்கு அவன் பேரைத்தான் வைத்திருந்தார்கள். அந்த மண்ணின் மக்கள் கேட்டுக் கேட்டு, 115 வருடம் கழித்து, 1991இல்தான் பேர் மாறியது. 2003இல் அவர்களுக்கும் அங்கே ஒரு நினைவுச்சின்னம் எழுந்தது.

வாஷிட்டாவுக்கு நூறு வருடம் கழித்து, 1968 டிசம்பர் 25இல், கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். தேசிங்கு ஆண்ட சீமையிலேயே, விழுப்புரத்தில், 1978இல் 12 தலித்துகளைக் கொன்றார்கள். குதிரை பேர் தெரிந்த தோழர்களே, இவர்களில் அஞ்சு பேர் பெயர் சொல்லக்கூடியவர்கள் கை தூக்குங்கள்.

(கைகள் எழவில்லை.)

எனக்கும் முழுசாகத் தெரியாது. அந்த வெட்கத்தோடுதான் பேசுகிறேன். கூத்தாடத் தெரிந்தவர்கள் நம்ம தெருவிலேயே இருக்கிறார்கள். பறை நம்மிடம் இருக்கிறது. லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது ஒரு நோட்டு எடுத்துப் போங்கள். பாட்டியிடம் உட்காருங்கள். உங்கள் தெருவில் அடிபட்டுச் செத்தவர்கள், கூலி கேட்டுச் செத்தவர்கள் பேரை எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் நான் பேசவில்லை. அந்தப் பெயர்களைப் படிப்போம்.