தலையில் பட்ட லேசான அடி

(தோட்டக் குடும்பங்களுக்கான சுகாதாரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பதுளை, பசறை, ஹாலிஎல, தெமோதரை என்று நமது ஊவாத் தோட்டங்கள் எல்லாமே சரிவான மலைகள். மழை நாளில் கொழுந்தோடு சறுக்கி விழுகிறோம். நிழல்மரம் வெட்டும்போது கொப்பு தலையில் விழுகிறது. எழும்பித் தலையைத் தடவிக்கொண்டு, "ஒண்ணுமில்லீங்க, லேசாத்தான் பட்டுச்சு" என்கிறோம். பேர் போய்விடுமே என்று மறுநாளே மலைக்குப் போய்விடுகிறோம்.

வைத்தியர்களும் இதை 'லேசான மூளைக் காயம்' என்றுதான் சொல்கிறார்கள். மயக்கம் வந்தாலும் 30 நிமிடத்துக்குள் தெளிந்துவிட்டது, மறதி வந்தாலும் ஒரு நாளைக்கு மேல் நீடிக்கவில்லை என்பதே இதன் அர்த்தம். உள்ளே ஒன்றும் நடக்கவில்லை என்பதல்ல.

நமது மூளை தயிர் மாதிரி மிருதுவானது. தயிர்ச் சட்டியை வேகமாகத் திருப்பினால் சட்டி உடையாது. உள்ளே தயிர் கலங்கிவிடும். அதுபோலத் தலை வேகமாக ஆடும்போது, மூளைக்குள் இருக்கும் நூல் போன்ற நரம்பு இழைகள் இழுபட்டுச் சேதமாகலாம். சாதாரண சி.ரி. ஸ்கேனில் இரத்தக் கசிவும் எலும்பு முறிவும் தெரியும். இந்த நுண்ணிய சேதம் அநேகமாகத் தெரியாது.

2013ஆம் ஆண்டு நியூயோர்க் பல்கலைக்கழக வைத்தியர்கள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். லேசாக அடிபட்டு, அதன்பின் உபாதைப்பட்டவர்களை எம்.ஆர்.ஐ. மூலம் பரிசோதித்தார்கள். ஒரு வருடம் கழித்து 19 பேரைத் திரும்பப் பார்த்தபோது, அடிபடாதவர்களைவிட அவர்களது மூளை சற்று அதிகமாகச் சுருங்கியிருந்தது. இது எல்லோருக்கும் நடக்கும் என்று பயப்பட வேண்டாம். அநேகமானோர் சில கிழமைகளில் குணமாகிவிடுவார்கள்.

அந்தச் சில கிழமைகளில்தான் வீட்டாரின் பொறுமை வேண்டும். தலைவலி, மறதி, தூக்கமின்மை, சத்தம் பொறுக்காமை, எடுத்ததற்கெல்லாம் கோபம் ஆகியவை வரலாம். "சோம்பேறியாயிட்டான்", "பேய் பிடிச்சிருச்சு" என்று லயத்தில் பேச்சுக் கிளம்பும். இது சோம்பலும் அல்ல, பேயும் அல்ல, காயம். கால் முறிந்தவனைக் கொழுந்து சுமக்கச் சொல்வோமா?

ஆகவே, முதல் இரண்டு நாட்கள் ஓய்வு கொடுங்கள். முதல் இரவு ஒருவர் பக்கத்திலேயே இருங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேலைக்குப் போகலாம். சாராயம் கூடவே கூடாது. முழுவதும் குணமாகும்வரை மரம் ஏறவும், பந்து விளையாடவும் வேண்டாம். ஆறாத மூளையில் இரண்டாவது அடி மிகவும் ஆபத்தானது. சர்வதேச கிரிக்கெட்டில்கூட, தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி கண்ட வீரருக்குப் பதிலாக வேறொருவரை இறக்க 2019 ஆகஸ்ட் முதல் அனுமதி உண்டு.

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் எழும்பாத மயக்கம், வலிப்பு, பேச்சுக் குழறல், கைகால் பலவீனம், காது மூக்கால் நீர் வடிதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

இன்னொன்று. வேலைத்தளத்தில் அடிபட்டால், எவ்வளவு லேசாக இருந்தாலும், அன்றைக்கே சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு வழங்க 1934ஆம் ஆண்டிலேயே நமது நாட்டில் சட்டம் வந்துவிட்டது. மூன்று மாதம் கழித்து மறதி, தலைச்சுற்று என்று போய் நிற்கும்போது, அந்தப் பதிவுதான் நமக்குச் சாட்சி.

ஒரு நாள் பேர் போனால் இன்னொரு நாள் சம்பாதிக்கலாம். மூளை ஒன்றுதான் இருக்கிறது.